ஆனி கடைசியில் இடம் மாறிய குஞ்சுகள்

அட்டைப் பெட்டியைச் சுற்றிலும் இருபத்து நான்கு ஓட்டைகள் இருந்தன. உள்ளே நாற்பது நாட்டுக்கோழிக் குஞ்சுகள், பொரித்து ஒரு நாள் ஆனவை. பெட்டியை இறக்கி வைத்ததும் எண்ணிப் பார்த்தேன். எண்ணாமல் எதையும் வாங்கி வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. பஞ்சாலையின் டைம் ஆபீஸில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தவன் நான். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை நாள் வரவில்லை என்று எழுதி எழுதிப் பழகிய கை, ஓய்வு பெற்றுப் பதினாறு வருஷம் ஆகியும் அடங்கவில்லை.

ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் மகன்தான் அம்மாவுக்கென்று அவற்றை வாங்கி அனுப்பினான். போன வருஷம் அவளுக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்றும் ஆபரேஷன் நடந்தது. உட்கார்ந்து பால் கறக்க முடியாது என்றாகிவிட்டதால் மூன்று மாடுகளையும் விற்றுவிட்டோம். அதன்பிறகு பதினோரு மாதம், காலையில் எழுந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், பின்வாசலில் நின்று, மாடு கட்டியிருந்த வெறும் கட்டுத்தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

குஞ்சுகள் வந்த அன்று சொன்னாள். "இதுகளாச்சும் நிக்கட்டுமுங்க. இதும் நிக்கலீன்னா இனி எந்த உசுரையும் நாந் தொட மாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். நாற்பத்தேழு வருஷமாகப் பார்க்கிறேன்.

நான் படுக்கும் அறைக்கு அடுத்த அறையில் குஞ்சுகளுக்கு இடம் போட்டோம். தகரத் தகட்டை வட்டமாக வளைத்து நிறுத்தி, உமி பரப்பி, மேலே அறுபது வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டோம். முதல் வாரத்தில் இரண்டு செத்தன. முப்பத்தெட்டு நின்றன. அவள் பிளாஸ்டிக் நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் மாற்றுவாள், ஈர உமியை அள்ளுவாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்தது அந்த நாட்களில்தான்.

எனக்கு அது நரகம். இரண்டாவது வாரத்திலிருந்து நாற்றம் சுவரைத் தாண்டி வந்தது. மூக்குக் கண்ணாடியில் தினமும் மாவு போலத் தூசு. காலையில் எழுந்ததும் எட்டுத் தும்மல், சில நாள் பதினொன்று. சொன்னால் சிரிப்பாள்.

"முப்பத்தி நாலு வருசம் மில்லுப் பஞ்சை இழுத்த மூச்சுங்க அது. கோழிக்குஞ்சு வந்து கொன்னுபோடுமாக்கும்!"

"டைம் ஆபீஸ்ல எங்க புள்ள பஞ்சு பறந்துச்சு?"

"அப்ப அங்கயும் சும்மாதான் உக்காந்திருந்தீங்களாட்டம் இருக்குது."

ஏழாம் நாள் கால்நடை மருந்தகத்து ஆய்வாளர் சொட்டு மருந்து விட வந்தார். நாங்கள் அவரை டாக்டர் என்றே கூப்பிடுவோம். திரும்பும்போது கேட்டில் நின்று என்னிடம் சொன்னார். "இருபத்தெட்டு நாளாச்சும் உள்ளயே இருக்கட்டுமுங்கய்யா. முதுகுல இறகு மூடோணும். வெளிய உடறதுக்கு முந்தி நாலு நாள் பல்பை நிறுத்திப் பழக்குங்க. நம்மூர்க் காத்து சாதாரணக் காத்தில்லீங்க." உள்ளே வந்து டைரியில் குறித்துக்கொண்டேன்.

எங்கள் தோட்டம் பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று எங்கள் வரப்பில்தான் முதலில் முட்டும் என்று தோன்றும்.

ஆனி முடிய நான்கு நாள் இருக்கையில் அவள் கேட்டாள். "ஏனுங்க, எத்தனை நாளைக்கு உள்ள வெச்சிருக்கோணும்னு டாக்டர் ஏதாச்சும் சொன்னாருங்களா? ஆடி பொறந்துட்டா மாத்த முடியாதுங்க."

"கோழிக்குஞ்சுக்கு ஏது புள்ள ஆடி?"

"குடி போறதுன்னா எந்த உசுருக்கும் குடி போறதுதானுங்க. ஆடியில நான் மாத்த மாட்டேன். நாள் பத்தாதுன்னா ஆவணி வரைக்கும் உள்ளயே இருக்கட்டும்."

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். இருபத்தெட்டு என்று உண்மையைச் சொன்னால் அந்த நாள் ஆடி ஏழில் விழும். ஆடியில் மாற்ற மாட்டாள். அப்படியானால் ஆவணி முதல் தேதி. இன்னும் முப்பத்தைந்து நாள் அந்த நாற்றத்தின் பக்கத்தில் நான் படுக்க வேண்டும்.

"மூணு வாரம் போதும்னார்" என்றேன்.

அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. எண்களில் நான் தவறுவதில்லை என்பது அவள் நம்பிக்கை.

கட்டுத்தரையில் ஒரு மூலையை அடைத்து, கம்பி வலை கட்டி, காற்று வரும் மேற்குப் பக்கம் சாக்குப் படுதா தொங்கவிட்டேன். பதினெட்டு ஆணி அடித்தேன். பல்புக்கு வயர் எட்டவில்லை. மூன்று வாரக் குஞ்சுக்குப் பல்பு வேண்டாம் என்று அதையும் நானே சொன்னேன். ஆனி கடைசி நாள், வெயில் சாயும் முன், அவள் கூடையில் ஐந்தாறாகக் கொண்டுபோய் விட்டாள். குஞ்சுகளின் முதுகு, பாதி மழிக்கையில் எழுந்துபோனவன் தலை மாதிரி, பாதி பூ மயிரும் பாதி இறகுமாக இருந்தது. பார்த்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஆடி முதல் தேதி விடிந்ததும் அவள் தீவனக் கிண்ணத்தோடு போனாள். சற்று நேரத்தில் குரல் வந்தது. "ஏனுங்க, இங்க வாங்க."

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள்.

படுதாவின் கீழ்ப்பக்கம் ஆணிகளோடு பிய்ந்து, சாக்கு காற்றில் மேலே அடித்துக்கொண்டிருந்தது. காற்றுக்கு ஒதுங்கிய குஞ்சுகள் எல்லாம் கிழக்கு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. மேலே இருந்தவை உயிரோடு கத்தின. அடியில் இருந்தவை தட்டையாகிக் கிடந்தன. முழங்காலை மடக்க முடியாத அவள் காலை நீட்டியபடி தரையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் வைத்தாள். என் உதடு அசைந்திருக்க வேண்டும்.

"எண்ணாதீங்க. சித்த நேரம் எண்ணாம இருங்க."

ஆனால் எண்ணி முடித்திருந்தேன். பதினான்கு.

"ஆடி ஆடின்னு நாந்தானுங்க அவசரப்பட்டேன். என்ற வறட்டுப் புத்தி" என்றாள்.

நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தென்னைமரத்தடிக்குப் போனேன். இரண்டடி ஆழம் வெட்டினேன். திரும்பி வந்து, மிச்சத்தை உள்ளே கொண்டுபோய்விடலாமா என்று கேட்டேன். "ஆடி பொறந்துருச்சே. மறுக்கா மாத்தினா இருக்கறதும் போயிருமுங்க" என்றாள். அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஓர் எண்தான். படுதாவுக்கு இன்னும் பன்னிரண்டு ஆணி அடித்தேன். மூன்றாம் தேதி இரண்டு செத்தன, ஐந்தாம் தேதி காலை மூன்று. மீதி பத்தொன்பது.

அன்றே டாக்டர் இரண்டாவது சொட்டு மருந்துக்கு வந்தார். கட்டுத்தரைக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டார்.

"என்னங்கம்மா, அதுக்குள்ள வெளிய உட்டுட்டீங்க? அய்யாகிட்டச் சொல்லீட்டுத்தானுங்க போனேன், இருபத்தெட்டு நாளுன்னு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் மருந்துக் குப்பியைப் பார்த்தேன். பத்தொன்பது குஞ்சுகளையும் அவளே பிடித்துக் கொடுத்தாள், அவர் கண்ணில் சொட்டு விட்டார். அவர் வண்டி போன பிறகு கூடையை எடுத்து வந்தாள்.

"ஆடியாச்சே" என்றேன்.

"ஆடி ஒண்ணும் பண்ணலீங்க."

கூடையின் மறுபக்கத்தைப் பிடிக்கப் போனேன். தள்ளிப் பிடித்துக்கொண்டாள். நான்கு நடை, ஒரு காலை ஊன்றி ஒரு காலை இழுத்து, எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோய்ப் பல்பைப் போட்டாள். அதிலும் ஒன்று அடுத்த நாள் செத்தது. பதினெட்டு. அந்த வாரம் முழுக்கச் சோறு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். குஞ்சுகளைப் பற்றி மட்டும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகன் போனில் கூப்பிட்டான். அவள்தான் எடுத்தாள். குஞ்சுகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டிருப்பான். நான் ஆறடி தூரத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தேன்.

"பாதி போயிருச்சு கண்ணு... ஆமா, வெளிய மாத்தினோம்... இல்ல சாமி, அப்பா என்ன பண்ணுவாரு? நாந்தான் ஆடிக்குள்ள மாத்தோணும்னு அடம் புடிச்சேன். உங்கம்மா புத்திதான் உனக்குத் தெரியுமே... வேண்டாம், இனி வாங்கி அனுப்பாத. எனக்கும் முடியறதில்ல."

பிறகு போனை என்னிடம் நீட்டினாள். "இந்தாங்க, பேசுங்க."

மகன், அம்மாவை ஒன்றும் சொல்லாதீர்கள் அப்பா, வயதானவள், ஏதோ தெரியாமல் செய்துவிட்டாள் என்றான்.

சரி என்றேன்.