‘உள்ளே யாரும் இல்லை’ என்றேன்

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வரும் ஒரு சின்ன டவுன். அங்கிருந்த பொது நூலகத்தில் சிறுவர் பகுதி என் பொறுப்பில் இருந்தது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. நாலு அலுமாரி, இரண்டு மேசை, கொஞ்சம் குட்டி நாற்காலிகள், ஒரு கைமணி. அவ்வளவுதான் என் ராஜ்ஜியம். ஆனால் மண்டைக்கனம் மட்டும் ஒரு மலையளவு இருந்தது.

சிறுவர் பகுதி கட்டடத்தின் பின்பக்கம், தனி வாசலோடு இருந்தது. எங்கள் ஊரில் மழைக்கும் சேற்றுக்கும் குறைவே இல்லை. சிவப்பு மெழுகு பூசித் தேய்த்த தரை அழுக்காகக் கூடாதென்று, சப்பாத்து, செருப்பு எதுவானாலும் வாசலில் உள்ள மரத்தட்டில் கழற்றி வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தேன். அதில் எனக்கு இன்னொரு வசதியும் இருந்தது. மாலையில் மணியை அடித்துவிட்டுச் சற்றுப் பொறுத்துத் தட்டைப் பார்ப்பேன். தட்டு காலியென்றால் உள்ளேயும் யாரும் இல்லை என்று பூட்டிவிடுவேன். ஒவ்வொரு அலுமாரிக்குப் பின்னாலும் குனிந்து பார்க்கிற வேலை மிச்சம். இந்த யோசனையைப் பெரிய நூலகரிடம் சொல்லிப் பாராட்டும் வாங்கியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளுக்கு எட்டு வயது இருக்கும். அவருடைய மனைவியைப் பிரசவத்துக்காக டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்களாம்.

“அம்மா, இந்தப் புள்ள ஒரு ஓரமா உக்காந்து படம் பாக்கட்டுங்களா? நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு ஓடியாந்துர்றேன்.”

சரியென்று தலையாட்டினேன். “அப்பா வர்ற வரைக்கும் அசையக்கூடாது” என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார். அவள் நாற்காலியில் உட்காரக் கூச்சப்பட்டு, அலுமாரி ஓரமாக ஒதுங்கித் தரையில் உட்கார்ந்தாள். படப்புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவளை மறந்தே போனேன்.

நாலரைக்கு மணி அடித்தேன். டவுன் பிள்ளைகள் எல்லாம் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பறந்தார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. எட்டித் தட்டைப் பார்த்தேன், காலி. பூட்டிவிட்டு, எதிர்ச்சாரியில் மளிகைக் கடைக்கு மேலே இருந்த என் அறைக்குப் போய்விட்டேன்.

ஐந்து மணி தாண்டியிருக்கும். கீழே கடைக்காரர் கூப்பிட்டார். அவர் ஒரு முஸ்லிம் வியாபாரி, ஊருக்கே ‘நானா’, அதாவது அண்ணன். இறங்கிப் போனால், நனைந்த கம்பளியைத் தலையில் போட்டபடி அந்தத் தகப்பன் நிற்கிறார்.

“புள்ளய எங்கங்க காணோம்?”

“எல்லாரும் போயிட்டாங்களே” என்றேன்.

“அவ அசைய மாட்டாளுங்க. ஒருக்காத் தொறந்து பாத்துடலாமுங்களா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “உள்ள யாரும் இல்ல. நான் பாத்துட்டுத்தான் பூட்டினேன். பொய்யா சொல்றேன்?”

சாவி வைத்திருக்கிற அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டார். திரும்பிச் சந்தைப் பக்கமாக ஓடினார். சந்தைக்குப் பின்னால்தான் ஆறு.

நானா கடையை அப்படியே போட்டுவிட்டு நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு பின்னால் போனார். நானும் குடையை எடுத்துக்கொண்டு போனேன். உண்மையைச் சொல்வதானால், அப்போதும் எனக்கு அந்தப் பிள்ளை மேல்தான் எரிச்சல். இருக்கச் சொன்ன இடத்தில் இருக்காமல் சுற்றப் போய்விட்டாளே என்று நினைத்தேன்.

ஆற்றங்கரையைக் கண்டதும் எரிச்சலெல்லாம் ஓடிவிட்டது. மலைத்தண்ணீர் கலங்கி, கரையைத் தொட்டுக்கொண்டு போனது. பனி இறங்கி எதிர்க்கரை தெரியவில்லை. அவர் மகள் பெயரைக் கத்திக்கொண்டே இடுப்பளவு தண்ணீரில் இறங்கியிருந்தார். இரண்டு பேர் அவருடைய கம்பளியைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார்கள். அவர் உதறிக்கொண்டு இன்னும் உள்ளே போனார். அடுத்த அடியில் கால் வழுக்கினால் அவரும் இல்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவளுக்கு யார் போய் என்ன சொல்வது என்று நினைத்தேன்.

அப்போது கொஞ்சம் கீழே தேடிக்கொண்டிருந்த ஒருவர் ஓடி வந்தார். கையில் ஒரு சின்ன ரப்பர் செருப்பு. நாணல் புதரில் மாட்டியிருந்ததாம். நானா அதை வாங்கிக்கொண்டு தண்ணீர் ஓரமாகப் போனார். அவர் குரலே மாறிவிட்டது.

“இங்க வாங்க. இது புள்ளடதானாண்டு ஒருக்கா பாருங்க.”

தகப்பன் கரையேறி வந்து அதைப் பிடுங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சேற்றிலேயே உட்கார்ந்து, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாதபடி சொன்னார்:

“இல்லீங்க… எம்புள்ளது இல்லீங்க. அவளுக்கு ஏதுங்க செருப்பு? பொறந்ததுல இருந்து வெறுங்காலுதாங்க.”

சுற்றி நின்றவர்களுக்கு உயிர் வந்தது. எனக்கு உயிர் போனது.

தட்டு காலியாகத்தான் இருந்தது. செருப்பே இல்லாத பிள்ளை தட்டில் எதை வைத்திருப்பாள்?

“தேடாதீங்க! ஆத்துல தேடாதீங்க!” என்று கத்திவிட்டு ஓடினேன். குடை எங்கே விழுந்ததென்று தெரியாது. நூலக வாசலில் சாவி துவாரத்தில் நுழையவே மாட்டேனென்றது. தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்தில், உள்ளே இருந்து யார் எவ்வளவு தட்டியிருந்தாலும் தெருவுக்குக் கேட்டிருக்காது.

கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன். கடைசி அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு குளிரில் கறுத்திருந்தது. கதவைத் தட்டித் தட்டிக் கை சிவந்திருந்தது. நான் கொடுத்த புத்தகத்தை மூடி, எட்டத் தள்ளி வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

“நான் ஒண்ணும் எடுக்கலீங்க.”

அதற்குள் தகப்பனும் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். அவர் என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவரோ வாசற்படியிலேயே நின்றுவிட்டார். “காலு பூரா சேறுங்க” என்றார். மகள் அவரிடம் ஓடினாள். அவளைத் தூக்கக் குனிந்தவர், ஏதோ நினைவு வந்தவர் போல நிமிர்ந்தார்.

“சட்டைய ஒதறிக் காட்டு கண்ணு, அம்மாவுக்கு.”

அவள் நடுங்கிக்கொண்டே சட்டையை உதறிக் காட்டினாள். அதற்குப் பிறகுதான் அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

“பாத்துக்கங்கம்மா, புள்ள ஒண்ணும் எடுக்கலீங்க. ஒங்களுக்குத்தான் இந்த மழையில வீண் அலைச்சல். மன்னிச்சுக்கங்க.”

நான் உள்ளே பார்க்கவே இல்லை, தட்டைத்தான் பார்த்தேன் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நானா நின்றார், ஊர்க்காரர்கள் நின்றார்கள். நல்ல வேளை, மிஸ்ஸுக்கு ஞாபகம் வந்ததே என்று யாரோ என்னைப் புகழவும் செய்தார்கள். என் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு வார்த்தை.

“பரவாயில்ல.”

மறுநாள் காலையில் துணிவை வரவழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆண் குழந்தை பிறந்து, தாயைத் தோட்டத்து லொறியில் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள் என்றார்கள். எந்தத் தோட்டம் என்று எனக்குத் தெரியாது. அவர் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை. அந்தப் பிள்ளை பிறகு நூலகத்துக்கு வரவே இல்லை. அதன் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அந்த வேலையில் இருந்தேன். ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு அலுமாரியின் பின்னாலும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் பூட்டினேன். ஆனால் நான் கேட்க வேண்டிய மன்னிப்பை அவர் கேட்க, பெரிய மனசுக்காரியைப் போல அதை நான் கொடுத்தேனே, அந்தக் கணக்கு மட்டும் இன்றுவரை தீரவில்லை.