சாராளைக் குளிப்பாட்டியது யார்

ஆபிரகாமின் மனைவி சாராள் செத்தபோது அவள் உடம்பைக் குளிப்பாட்டியது யார்? ஹிண்டாவை இரண்டு வருஷமாக ஓரிடத்தில் உட்காரவிடாமல் துரத்திய கேள்வி இதுதான். வேதத்தில் இருப்பது ஒரே வரி. சாராள் இறந்தாள், ஆபிரகாம் வந்து புலம்பி அழுதான். வேதம் சொல்லாமல் விட்ட இடங்களையெல்லாம் கதை சொல்லி நிரப்பியவர்கள் ரபிகள் என்ற பழைய யூத குருமார்கள். என்ன சேதி கேட்டு அவள் உயிர் பிரிந்தது, அவள் கூடாரத்து விளக்கு எத்தனை நாள் அணையாமல் எரிந்தது என்பது வரைக்கும் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் மொண்டவள் யார் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

"ஆபிரகாம் காலத்துல ஏதுடி நம்ம மாதிரி குளிப்பாட்டுற சங்கம்?" என்று பெஸ்ஸி கேட்டாள்.

"சங்கம் இல்லேன்னா தண்ணி கூடவா இல்ல?" என்றாள் ஹிண்டா.

கனடாவின் வின்னிபெக்கில் இறந்துபோகும் யூதப் பெண்களைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைக்கும் சங்கத்துக்குப் பெஸ்ஸிதான் தலைவி. ஹிண்டா அதில் பத்தொன்பது வருஷமாக இருந்தாள். பகலில் அவளுக்கு நகரப் பேருந்து அலுவலகத்தில் தொலைந்த பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும் ஜன்னலில் வேலை. குளிர்காலம் முழுக்க ஒற்றைக் கையுறைகள் வந்து குவியும். திங்கட்கிழமை சாயங்காலங்களில் ஜெப ஆலயத்தின் அடித்தளத்தில் ஆறு பெண்கள் கூடினார்கள். ரபிகள் செய்த அதே வேலையை அவர்கள் பெண்களின் பக்கமிருந்து கவிதையில் செய்தார்கள். ஹிண்டாவின் கவிதையில் சாராளைக் குளிப்பாட்டுகிறவள் ஆகார், ஆபிரகாமுக்குப் பிள்ளை பெற்ற அடிமைப்பெண். எந்தச் சாராள் அவளையும் பிள்ளையையும் வீட்டைவிட்டுத் துரத்தச் சொன்னாளோ, அந்தச் சாராளை.

கவிதை வளர்ந்துவிட்டது, முடியத்தான் மாட்டேன் என்றது. காரணம் ஒரு வழக்கம். குளிப்பாட்டி, உடுத்தி, பெட்டியில் கிடத்தியபின் சுற்றி நிற்கும் பெண்கள் இறந்தவளைப் பெயர் சொல்லி அழைத்து, தெரியாமல் ஏதும் மரியாதைக் குறைவு செய்திருந்தால் மன்னிக்கும்படி கேட்க வேண்டும். அப்படியானால் ஆகாரும் கேட்க வேண்டும். யார், யாரிடம்?

"கேட்டுத்தான் ஆகணும். பிணத்துக்கிட்ட போய்க் கணக்கு தீர்க்கிறதா?" என்றாள் பெஸ்ஸி.

கூட்டத்தில் இளையவளான டாலியா பள்ளி ஆசிரியை. அவள் மேசையைத் தட்டினாள். "கேட்கவே கூடாது. ஹிண்டா, ஆகாரை நீங்க கெஞ்ச வச்சீங்கன்னா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்."

"போறப்போ கதவைச் சாத்திட்டுப் போ, குளிருது" என்றாள் பெஸ்ஸி.

ஹிண்டா இரண்டு முடிவும் எழுதினாள், இரண்டையும் அடித்தாள். வேலை ஜன்னலில் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதினாள். பஸ்ஸில் உட்கார முடியாமல் நின்றாள், பிறகு நிற்கவும் முடியாமல் இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கிப் பனியில் நடந்தாள். சாராளின் மரணம் வாசிக்கப்படும் நவம்பர் ஓய்வுநாளில் பிரசங்கத்துக்குப் பதிலாக அந்தக் கவிதையைப் படிக்கும்படி ரபி சொல்லியிருந்தார். நாள் நெருங்கிவிட்டது.

அந்த வாரம் வியாழக்கிழமை காலை பெஸ்ஸியின் போன் வந்தது.

"ஃப்ரூமா போயிட்டா. நீ வர வேண்டாம், உறவுக்காரி. ஆனா ரெண்டு பேருக்குக் காய்ச்சல். நீ இல்லேன்னா மூணு பேர்தான் இருக்கோம். அதான் சொல்லிவைக்கிறேன்."

ஃப்ரூமா ஹிண்டாவின் ஓரகத்தி. முப்பத்தாறு வருஷத்துக்கு முன் ஹிண்டாவின் புருஷன் ஹெர்ஷ் செத்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது, இடுப்பில் ஒரு பெண்குழந்தை. ஹெர்ஷின் அண்ணன், ஃப்ரூமாவின் புருஷன் வீட்டில்தான் இருந்தார்கள். ஃப்ரூமாவுக்குக் காலம் கடந்து ஒரு மகன் பிறந்த பிப்ரவரியில், "இந்த வீட்டுல ரெண்டு பிள்ளைக்கு இடமில்ல" என்று ஹிண்டாவின் துணிப்பெட்டியை வாசலில் வைத்தாள். கையில் ஒரு ரொட்டியும் ஒரு பிளாஸ்க் டீயும் கொடுத்தாள். ஆபிரகாம் ஆகாருக்குக் கொடுத்தனுப்பியதும் அப்பமும் ஒரு தோல்துருத்தித் தண்ணீரும்தான். திங்கட்கிழமைக் கூட்டத்தில் பெஸ்ஸியைத் தவிர யாருக்கும் இது தெரியாது.

"வர்றேன்" என்றாள் ஹிண்டா.

அந்த அறையில் தேவையில்லாமல் பேசக் கூடாது. நகங்களைச் சுத்தம் செய்தார்கள், தலைமுடியை வாரினார்கள். ஃப்ரூமாவின் இடது கையை ஹிண்டா கழுவினாள். விரல்கள் வீங்கியிருந்தன. பிறகு மூன்று வாளித் தண்ணீர். ஒரு வாளி தீருமுன் அடுத்த வாளியின் தண்ணீர் விழத் தொடங்க வேண்டும், நடுவில் ஒழுக்கு அறுபடக் கூடாது. அறுந்தால் முதலிலிருந்து.

இரண்டாவது வாளி ஹிண்டாவுடையது. பெஸ்ஸியின் வாளி காலியாயிற்று. ஹிண்டா தன் வாளியை மார்புயரத்துக்குத் தூக்கினாள், சாய்க்கவில்லை. ஒரு கணம் ஃப்ரூமாவின் மேல் தண்ணீரே விழவில்லை.

"மறுபடியும்" என்றாள் பெஸ்ஸி. குரலில் கோபம் இல்லை. மூன்று வாளிகளையும் நிரப்பிக்கொண்டு வந்தார்கள். இந்த முறை ஹிண்டா நேரத்துக்கு முன்பே சாய்த்தாள், பெஸ்ஸியின் கையெல்லாம் நனைந்தது.

வெள்ளைத் துணி உடுத்தினார்கள். பெட்டியில் கிடத்தினார்கள். நான்கு பேரும் சுற்றி நின்றார்கள். "யோசேப்பின் மகள் ஃப்ரூமா" என்று பெஸ்ஸி தொடங்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். மூன்று குரல்கள்தான் கேட்டன. ஹிண்டா கண்ணை மூடவில்லை, தலையைக் குனியவில்லை. வாயையும் திறக்கவில்லை.

மறுநாள் காலை அடக்கம். அதற்கடுத்த நாள் ஓய்வுநாள்.

கவிதை மகத்தானது என்று சொல்ல முடியாது. நடுவில் ஆகாரின் பாலைவன நடை கொஞ்சம் இழுவை, கிணற்றைப் பற்றிய உவமை இரண்டு முறை வருகிறது. ஆனால் தண்ணீர் மொள்ளும் இடத்துக்கு வந்ததும் கூடத்தில் இருமல்கூட நின்றுபோயிற்று. ஆகார் சாராளின் விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவுகிறாள். தன்னைச் சுட்டிக்காட்டிய விரல் எது என்று தேடுகிறாள், எல்லாம் ஒரே மாதிரி வீங்கிக் கிடக்கின்றன. கடைசியில் குனிந்து, எஜமானி என்று அழைக்காமல், சாராள் என்று பெயர் சொல்லி அழைத்து, மன்னிப்புக் கேட்கிறாள். அவ்வளவுதான். ஹிண்டா தாளை மடித்தாள்.

பிறகு சாப்பாட்டுக் கூடத்தில், ஊறுகாய் போட்ட ஹெர்ரிங் மீனுக்கும் தேன் கேக்குக்கும் நடுவே, ஆளாளுக்கு அவள் கையைப் பிடித்தார்கள். "ஆகாருக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு!" டாலியா மட்டும் தூரத்தில் நின்று, "நல்லாத்தான் கவுத்துட்டீங்க" என்றாள். எழுந்து போகவில்லை.

கூட்டம் கலையட்டும் என்று பெஸ்ஸி காத்திருந்தாள். தட்டோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"வியாழக்கிழமை உன் உதட்டையே பார்த்துக்கிட்டிருந்தேன். அசையல. இன்னிக்கு அந்தப் பாவப்பட்டவளைக் குனிய வச்சிட்டே. உன்னால முடியாததை அவ தலையில கட்டினியா? இல்ல, உனக்குப் பதிலா அவ கேட்டுட்டா போதும்னு விட்டுட்டியா? எதுடி நெசம்?"

ஹிண்டா தன் தட்டிலிருந்த மீன் துண்டைப் பெஸ்ஸியின் தட்டில் வைத்தாள்.

"சாப்பிடு" என்றாள்.

பெஸ்ஸி அதற்குப் பிறகும் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள்.