தலை வராத மயில்

நாலு வருஷத்துக்கு முந்தைய ஆடி மாதம். பிள்ளையார்பாளையத்தில் என் வீட்டுத் தறியில், அக்கா மகளின் முகூர்த்தப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. தாய்மாமன் நெய்த புடவையில்தான் தாலி ஏறும் என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தேன். எனக்குப் படிப்பு ஏறவில்லை, வாய் மட்டும் நன்றாக வளர்ந்துவிட்டது.

முன்பெல்லாம் டிசைனுக்கு, ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்துத் தறிமேல் தொங்கவிடுவோம். அந்த வேலையைக் கம்ப்யூட்டர் பெட்டியே செய்யும் என்று ஒரு கம்பெனியிலிருந்து வந்து விற்றார்கள். அறிவாளி நான், பெட்டி வந்த அன்றே அட்டைகளை எடைக்குப் போட்டுப் பக்கோடா வாங்கித் தின்றேன்.

முந்தானையில் மயில். கால் வந்தது, உடம்பு வந்தது, கழுத்து வந்தது. தலை வரவேண்டிய இடத்தில் மறுபடியும் கால் வந்தது. பிரித்துவிட்டு நெய்தேன். மறுபடியும் கால். கம்பெனி ஆள் வந்து பெட்டியில் ஏதோ அப்டேட் போட்டுவிட்டுப் போன பிறகுதான் இந்தக் கூத்து. போன் செய்தால், "அந்த மாடலை நிறுத்திட்டோம், புதுசு வாங்கிக்குங்க" என்றார்கள். புடவை பாதியில் நிற்க, முகூர்த்தமோ ஆவணியில்.

செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாயிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கையோடு எடுத்துப்போன மயில் போட்டோவைப் பார்த்தார்.

"இன்னாபா, நாலு காலு இருக்குது? ஆடா நெய்யறே?"

பெட்டியைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டி வெகுநேரம் நோண்டினார். பிறகு சிரிப்பு போய்விட்டது.

"இது அவங்களே எழுதுன சாப்ட்வேர் இல்லபா. ஊரு உலகத்துல பல பேரு சேந்து எழுதி, எல்லாருக்கும் சும்மா குடுத்தது. எடுத்து வித்துக்கலாம், தப்பில்ல. ஆனா வாங்குனவன் கேட்டா, இவங்க மாத்தி எழுதுனதையும் சேத்து அந்த சோர்ஸ் கோடை, அதான் சாப்ட்வேரோட மூல எழுத்தை, குடுத்துடணும். அது கையில இருந்தா தெரிஞ்சவன் யாரும் சரிபண்ணிக்கலாம். லைசென்ஸே அப்படித்தான் சொல்லுது."

"நான் கேட்டாக்கூடவா?"

"நீதானேபா வாங்குனவன்!"

அதை எழுதியவர்களில் ஒருவருக்குப் பாய் மெயில் போட்டார். எந்த நாட்டுக்காரரோ, கம்பெனி மாற்றியதை மட்டும் வாங்கி அனுப்புங்கள், காசில்லாமல் சரிசெய்து தருகிறேன் என்று பதில் வந்தது. முகம் தெரியாத ஒருவர் என் மயிலுக்குத் தலை வைக்கத் தயாராக இருந்தார்.

கம்பெனி அதிகாரிக்குப் போன் போட்டேன். பாய் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொடுத்தார்.

"சோர்ஸ் கோடா? அது எங்க கம்பெனி சொத்துங்க."

"லைசென்ஸ்படி குடுக்கணும் சார்."

அவர் சிரித்தார். "நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க? கையில குடுத்தா படிக்கத் தெரியுமா?"

ஊரையே நக்கல் பண்ணுகிற நான், "தெரியாது சார்" என்றேன். வைத்துவிட்டார். பாய் போட்ட மெயிலுக்கும், அந்த வெளிநாட்டுக்காரர் போட்ட மெயிலுக்கும் இன்றுவரை பதிலில்லை.

ஆவணியில் கடைப் புடவையில் தாலி ஏறியது.

"இன்னா மாமா, மயிலுக்குத் தலை மொளைச்சுதா?" என்று மண்டபத்தில் ஒருத்தன் கேட்டான்.

"மொளைச்சுதுபா. என்னுது மாதிரியே காலியா இருந்துது, திருப்பி அனுப்பிட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். மணப்பெண் மட்டும் சிரிக்காமல் கடைப் புடவையின் முந்தானையை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

அதிகாரிக்கான பதில், பாதியில் நின்ற புடவையை அறுத்தெடுத்துவிட்டுப் புதுப் பாவு பிணைக்க உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தோன்றியது. பாவு என்கிற நீளவாக்கு இழைகள் முடிந்தால் அவற்றின் நுனியைத் தறியிலேயே விட்டுவைப்போம். புது இழைகளை அதில் பிணைத்தால் தறி மறுபடி ஓடும். தறியை விற்றாலும் நுனியோடுதான் விற்போம். வாங்குகிறவனுக்குப் பிணைக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. தெரியாவிட்டால், தெரிந்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வான். இவர்களோ சோர்ஸ் கோடு என்கிற நுனியை அறுத்துவிட்டு எனக்குப் பெட்டியை விற்றிருக்கிறார்கள். இதைச் சொல்லியிருக்க வேண்டும். போனை வைத்த பிறகு வருகிற பதிலை யாரிடம் சொல்வது?

அதே பெட்டி இப்போது வேறு ஸ்டிக்கரோடு பக்கத்துத் தெருவுக்கு வந்திருக்கிறது. வாங்கப் போகிறவர்களிடம் நாலு கால் மயிலை விரித்துக்காட்டி, "சோர்ஸ் கோடு குடுப்பியான்னு மொதல்ல கேளுபா" என்கிறேன். மயிலைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால், படிக்கத் தெரியாததற்கு வெட்கப்பட்டு, கேட்கிற உரிமையையும் சேர்த்து விட்டுக்கொடுத்த அந்த "தெரியாது சார்" மட்டும் எனக்கு இன்னும் சிரிப்பாக இல்லை.