கண்ணாடி அறையில் வாலிபால் வாய்

புத்தியுள்ள எவனும் நாற்பத்தாறு வயதில் வாலிபால் டவுசரை மாட்டிக்கொண்டு, சுற்றிலும் கண்ணாடி பதித்த ஓர் அறையில், முன்பின் தெரியாத ஒரு கல்லூரிப் பேராசிரியையைப் பார்த்து, "ஏட்டி, விட்டுறாத, தூக்கு" என்று கத்த மாட்டான். நான் கத்தினேன். நியாயமாக வாயில் வரவேண்டியது 'ஏலே'தான். பக்கத்தில் இருப்பது பெண் என்று கடைசி நொடியில் உறைத்து 'ஏட்டி' என்று மாற்றிக்கொண்டேன். அந்த நாகரிகத்தை அங்கே ஒருவரும் பாராட்டவில்லை.

இடம், இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி விற்கும் கடை ஒன்றின் மாடி. ஃபிட்னஸ் ஸ்டுடியோ என்று போர்டு வைத்திருந்தார்கள். காலை ஆறு மணி வகுப்பு. முழங்கைகளை ஊன்றி, உடம்பைப் பலகை மாதிரி விறைப்பாக வைத்துக்கொண்டு எல்லோரும் அந்தரத்தில் நிற்க வேண்டும். பேராசிரியை தளர்ந்து தரையில் இறங்கினார். எங்கள் மைதானத்தில் பக்கத்து ஆள் தளர்ந்தால் ஏசித் தூக்கிவிடுவதுதான் மரியாதை. பேசாமல் இருந்தால் அவனைக் கைகழுவிவிட்டோம் என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

பயிற்சி கொடுக்கிற பெண் என் பக்கத்தில் வந்து குந்தினார். என் வயதில் பாதிகூட இருக்காது. கோபப்படவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

"அண்ணே, இங்க அவங்கவங்க உடம்ப அவங்கவங்க பாத்துக்குவாங்க. நீங்க உங்க மூச்ச மட்டும் பாருங்க."

பேராசிரியையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கண்ணாடியில் தெரிந்த என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நேரில் பார்க்கத் தயாராக இல்லை போலிருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து விடிவதற்குள் பஸ் ஏறிப் போய் நான் இப்படி அவமானப்பட்டதற்குக் காரணம் பொங்கல் மேட்ச். ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் டீமும் வன்னியம்பட்டி டீமும் மோதும். செண்பகத்தோப்புக்குப் போகிற சாலையோரம் எங்கள் மைதானம். வலையோரம் நின்று, அடிப்பவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பது என் இடம். மீசை அரும்பிய காலத்திலிருந்து அது என் இடம். போன மழைக்காலத்தில் வலது முட்டி கொய்யாப்பழம் மாதிரி வீங்கியது. நான் அதை மறைக்க மேலே ஒரு பட்டை போட்டேன். வீக்கம் மறைந்தது, நொண்டல் மறையவில்லை.

எங்கள் கேப்டன் பெயிண்ட் கடைக்காரர், எனக்கு மாமா முறை. ஆடுவதை எப்போதோ விட்டுவிட்டு, கோட்டுக்கு வெளியே நின்று எங்களை ஏசுவதை முழுநேர வேலையாக வைத்திருக்கிறார். பெயிண்ட் கடைதான் பகுதிநேரம். ஒருநாள் சாயங்காலம், சின்னப் பிள்ளைகூட எடுத்திருக்கக்கூடிய ஒரு பந்தைக் கோட்டைவிட்டேன். என் பரம்பரையையே இழுக்கப் போகிறார் என்று தலையைக் குனிந்து காத்திருந்தேன். "பரவால்ல மாப்ள" என்றார். மற்றவர்களும் வரிசையாகப் பரவாயில்லை என்றார்கள். என் கதை முடிந்தது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் என் இடத்தில் செல்போன் கடையில் வேலை பார்க்கிற ஒரு பையன் நின்றான். முட்டி சரியானால் பொங்கலுக்குப் பார்ப்போம் என்றார் மாமா. அந்தப் 'பார்ப்போம்' ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நான் மாடி ஏறினேன்.

தொடைச் சதை பலமானால் முட்டி பிழைக்கும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். நான் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிற மில்லுக்குப் போகிற வழியில்தான் ஸ்டுடியோ. டீமில் கேட்டால் மில்லில் வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன். பொம்பளைகளோடு சேர்ந்து பாட்டுக்குக் குதிக்கிறேன் என்று தெரிந்தால் செத்தாலும் விடமாட்டார்கள்.

அலுப்பென்றால் அப்படி ஓர் அலுப்பு. பயிற்சிக்காரப் பெண் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். உற்சாகம் வந்துவிட்டால் ஒகட்டி, ரெண்டு, மூடு என்று எண்ண ஆரம்பித்துவிடுவார். ஐந்துக்கு மேல் எனக்குத் தெலுங்கு தெரியாது. அதனால் எந்த வேதனை எப்போது முடியும் என்பதும் தெரியாது. இத்தனை வருஷம் நான் ஆடும்போது எப்படி இருப்பேன் என்று பார்த்ததே இல்லை, அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அந்தக் கண்ணாடிகள் காட்டின. மத்தியானம் ஸ்டோர்ஸில் பேரிங் பெட்டிமேல் சாய்ந்தபடியே தூங்கிவிடுவேன்.

உடம்பு வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் ரப்பர் மேட்டைச் சுருட்டிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போவார்கள். மைதானத்தில் ஆட்டம் முடிந்த பிறகு இருட்டும்வரை சும்மா உட்கார்ந்திருப்போம். பாதி உடற்பயிற்சி அதுதான் என்று எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை.

ஆனாலும் முட்டி வற்றியது. மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறினேன். நானும் மெல்ல வாயை மூடி, மூக்கால் மூச்சுவிட்டு, என்னை மட்டும் பார்த்துக்கொள்ளப் பழகினேன்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனேன். மாமா என் முட்டியை ரெண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார், மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல. பையனைப் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டு, வலையோரம் என் பழைய இடத்தில் என்னை இறக்கிவிட்டார். முதல் செட்டில் ஒரு குறையும் இல்லை. பந்து விரலுக்கு வந்தது, மூச்சு வாங்கவில்லை, மாமாவின் புருவம் ஏறியதை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

ரெண்டாவது செட்டில், எனக்கும் அந்த செல்போன் கடைப் பையனுக்கும் நடுவே ஒரு பந்து உயரமாக வந்தது. அந்த மாதிரிப் பந்துக்கு யாராவது ஒருவர் "எனக்கு" என்று கத்த வேண்டும். வயதில் மூத்தவன், நான்தான் கத்த வேண்டும். பையனும் என் வாயைத்தான் பார்த்தான். நான் முட்டியை அழகாக மடக்கி, முதுகை நேராக வைத்து, மூச்சை ஒழுங்காக விட்டுக்கொண்டிருந்தேன். பந்து எங்கள் இருவருக்கும் நடுவில் மண்ணில் விழுந்தது.

அதற்குப் பிறகும் அதே மாதிரி ஒன்று விழுந்தது.

ஆட்டம் முடிந்து மாமா பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். கூடவே நடந்தேன். பிறகு கேட்டேன், பொங்கலுக்கு நான் உண்டா என்று.

"மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்ள. வாயத்தான் எங்கயோ தொலச்சிட்டு வந்துட்ட. அந்தப் பயலே ஆடட்டும்."

அவன்தான் ஆடினான். வன்னியம்பட்டியை ஜெயித்தோம். அவன் தோளைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஒப்புக்கு ஒரு பந்தாவது அவன் தவறவிட்டிருக்கலாம்.

பொங்கல் லீவு முடிந்து காலையில் எழுந்தபோது, இனி எதற்கு என்றுதான் தோன்றியது. கால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தது. மாடியில் வழக்கமான ஆட்கள் வந்திருந்தார்கள். நான் ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றேன். பயிற்சிக்காரப் பெண் வந்ததும் ஆடப்போன கதை முழுவதையும் சொன்னேன். ஆட்டமே இல்லை என்றான பிறகு நான் எதற்காக இங்கே வருகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை என்றேன். அவர் பாட்டுப்பெட்டியில் ஏதோ திருகிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை.

"அத அப்புறம் பேசலாம்ணே, மொதல்ல மேட்ட விரிங்க."