கால் திரும்பும் வரை

அவர் இரும்பு கேட் செய்கிற வெல்டர். வீட்டுக்குக் கீழேயே பட்டறை. மாடியில் அவரும் அவருடைய அக்காவும் மட்டும். பேருந்துப் படியிலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்ததிலிருந்து அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே எந்த உணர்வும் இல்லை. படுத்தபடியே பட்டறைக்கு வரும் போன்களை எடுப்பாள்; மடியில் பலகை வைத்து கேட்டுக்கு டிசைன் வரைவாள். அவள் போடும் கொடியும் வளைவும்தான் அந்தத் தெருவில் பாதி வீடுகளின் வாசலில் நிற்கின்றன. வாய் மட்டும் சும்மா இருக்காது. "நீ வெல்டிங் வைக்கிற லட்சணத்துக்கு என் பூவெல்லாம் பூசணிக்காய் ஆயிடுதுடா" என்பாள்.

படுக்கைப்புண் வராமல் இருக்க இரவிலும் அவளைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அலாரம் அடிக்கும், எழுவார், புரட்டுவார், மறுபடி படுப்பார். முழு இரவும் ஒரே மூச்சில் தூங்கியது எப்போது என்று அவருக்கே நினைவில்லை.

பட்டறைச் சூட்டில் தண்ணீர் குடிக்க மறந்து மறந்து அவருக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. ஒரு நாள் வலி விலாவைப் பிய்த்ததில் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றக்கூட முடியாமல் தரையில் சுருண்டார். மருத்துவமனையில், காலையில் வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம், சிறுநீர்ப் பாதை வழியாகவே குழாய் விட்டு லேசரால் கல்லை உடைத்துவிடலாம் என்றார்கள். எதிர்வீட்டு டியூஷன் டீச்சர் அன்று அக்காவோடு இருப்பதாக ஒப்புக்கொண்டார். "ராத்திரி ஆனாலும் பரவாயில்லை, நான் பாத்துக்கறேன்" என்று அவராகவே சொன்னார்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஒரு இளம்பெண். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிதானமாகப் பேசினார்.

"முழுசாத் தூங்க வைக்கலாம். இல்லைன்னா முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப் போக வைக்கலாம். நீங்க முழிச்சிருப்பீங்க, வலி தெரியாது."

"முதுகுலயே போடுங்க டாக்டர்."

"அதுலயும் ரெண்டு மருந்து இருக்கு. ஒண்ணு சீக்கிரம் கலைஞ்சிடும். மத்தியானமே எழுந்து நடந்து வீட்டுக்குப் போகலாம். இன்னொண்ணு கலைய சாயங்காலம் ஆகும். சில பேருக்கு சிறுநீர் வர லேட்டாகும். அப்படி ஆச்சுன்னா நைட் இங்கயே இருந்து காலைலதான் போக முடியும். உங்க கல்லு சின்னதுதான். முதல் மருந்தே போதும்."

காலையில்தான் போக முடியும். அந்த வார்த்தை அவர் காதில் தேன் மாதிரி விழுந்தது. அலாரம் இல்லாத ஓர் இரவு. தானே கேட்டுக்கொண்ட விடுமுறை ஆகாது, மருந்து கொடுத்த விடுமுறை.

"ரெண்டாவதே போடுங்க டாக்டர். நடுவுல மருந்து கலைஞ்சு வலிச்சிடுமோன்னு பயமா இருக்கு."

டாக்டர் அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். "பயப்பட வேண்டாம், அப்படி ஆனா நாங்க கவனிச்சுக்குவோம்" என்றார். அவர் பிடிவாதமாக இருந்ததால், "சரி, உங்க இஷ்டம். அதுவும் நல்ல மருந்துதான்" என்று எழுந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து அக்காவிடம், "லேட்டா கலையற மருந்துதான் போடணுமாம். டாக்டர் சொல்லிட்டாங்க. அங்கயே தங்கற மாதிரி ஆகலாம்" என்றார்.

"டாக்டர் சொன்னா சரி" என்றாள் அக்கா.

கல்லை உடைக்கும் நாளன்று, ஊசி போட்ட சற்று நேரத்தில் பாதம் சூடானது, பிறகு கனத்தது, பிறகு இல்லாமலே போனது. கால்களைத் தூக்கித் தாங்கியில் வைத்தார்கள். பச்சைத் துணியின் ஓரத்தில் ஒரு குதிகால் தெரிந்தது. யாருடைய கால் என்று ஒரு கணம் யோசித்தார். தீப்பொறி பட்ட தழும்பைப் பார்த்த பிறகுதான் தன்னுடையது என்று புரிந்தது.

கல் உடைந்தது. வெளியே வார்டில் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். போர்வைக்குள் கால் எப்படிக் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கோணலாகக் கிடக்கிறதோ, கட்டில் கம்பியில் அழுந்துகிறதோ என்று ஒரு தவிப்பு. நர்ஸைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், என் கால் நேரா இருக்கான்னு கொஞ்சம் பாருங்க."

நர்ஸ் கையில் மருந்துத் தட்டோடு போய்க்கொண்டிருந்தாள். "எல்லாம் நேராத்தான் இருக்கு அண்ணா" என்று திரும்பாமலே சொல்லிவிட்டுப் போனாள்.

அவருக்குச் சுருக்கென்றது. அக்கா தினமும் கேட்பாள், "டேய், கால் எப்படி இருக்குன்னு பாரேன்" என்று. கைபேசியைப் பார்த்தபடியே, "சரியாத்தான்கா இருக்கு" என்பார். எத்தனை முறை உண்மையிலேயே போர்வையை விலக்கிப் பார்த்திருப்பார்? கண்ணை மூடிக்கொண்டார். மூடினாலும் அந்தக் கேள்வி போகவில்லை.

சாயங்காலம் கட்டைவிரல் அசைந்தது. முழங்காலில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. நடக்கவிட்டார்கள், நடந்தார். சிறுநீரும் எரிச்சலோடு தடையில்லாமல் வந்துவிட்டது.

"அப்ப நீங்க கிளம்பலாம் அண்ணா. கூட யார் வர்றாங்க?" என்றாள் நர்ஸ்.

பட்டறைக் கூட்டாளிக்கு ஒரு போன் செய்தால் வண்டியோடு வந்துவிடுவான். கையில் போன் இருந்தது. "லேசா தலை சுத்துற மாதிரி இருக்கு சிஸ்டர்" என்றார். தலை சுற்றவே இல்லை.

அன்று இரவு அடித்துப் போட்டாற்போல் தூங்கினார். தரை துடைக்கும் அம்மாவின் வாளி கட்டிலில் இடித்தபோதுதான் விழித்தார். ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது. உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. அடுத்த நொடி வயிற்றில் ஒரு கல் விழுந்தது. அதை எந்த லேசரும் உடைக்காது.

வீட்டுக்கு வந்தபோது அக்காவின் உதடு வெடித்திருந்தது. டீச்சர் அவரை வாசலுக்குக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "நேத்து காலைலேருந்து தண்ணியே குடிக்கலை. எவ்வளவு சொல்லியும் தாகமில்லைன்னுட்டாங்க. குழாயில மாட்டியிருக்கிற சிறுநீர்ப் பையை நான் காலி பண்ண வேண்டியிருக்குமேன்னு கூச்சம் போல. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்னு சொன்னேன்."

மறுநாள் அக்காவுக்குக் குளிர்காய்ச்சல். சிறுநீரில் தொற்று என்றார் வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர். ஊசி, மாத்திரை, ஈரத்துணி. பட்டறையைப் பூட்டிவிட்டு அவர் பக்கத்திலேயே கிடந்தார். ஒவ்வொரு டம்ளர் தண்ணீரையும் அவள் வாயில் வைக்கும்போது, 'டாக்டர் சொல்லிட்டாங்க' என்ற தன் குரல் அவருக்கே கேட்டது.

காய்ச்சல் இறங்கி அவள் பென்சிலைக் கேட்ட அன்று, அவரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அக்கா, அந்த மருந்தை டாக்டர் சொல்லலை. நான்தான் கேட்டேன். சாயங்காலமே வந்திருக்கலாம். தூங்கறதுக்காக அங்கயே இருந்துட்டேன்."

அக்கா பென்சிலைக் கீழே வைத்தாள். முகம் சிவக்க, "தூக்கம் வேணும்னா தூக்கம் வேணும்னு சொல்ல வேண்டியதுதானே. அதுக்கு எதுக்குடா டாக்டரை இழுத்த?" என்றாள்.

"உன்கிட்ட எப்படிக்கா சொல்றது?"

"ஏன், நான் என்ன கடிச்சுத் தின்னுடுவேனா?"

"நீ இப்படிப் படுத்திருக்கும்போது, எனக்குக் கஷ்டமா இருக்குன்னு..."

தலைகுனிந்துகொண்டார். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்ப முயன்றாள். அதற்கும் அவர் கை தேவைப்பட்டது. அவர் திருப்பிவிட்டார். இரண்டு நாள் அவள் போனில் வாடிக்கையாளர்களோடு மட்டும் பேசினாள்.

மூன்றாம் நாள் அவளாகவே ஆரம்பித்தாள். "நான் பண்ணினதும் பைத்தியக்காரத்தனம்தான். தாகமா இருக்குன்னு அந்த டீச்சர்கிட்ட சொல்ல எனக்கும் வாய் வரலை." சற்று நிறுத்தி, "ராத்திரிக்கு ஆள் வைக்கலாம். வாரத்துல ரெண்டு நாள். நானே விசாரிச்சு வெச்சிருக்கேன்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் அடங்கிப் போனார்.

வந்தவள் ஒரு நடுத்தர வயதுப் பெண். முன்பு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள். முதல் இரவு அவர் பட்டறையில் பாய் விரித்துப் படுத்தார். மாடியில் கட்டில் கிறீச்சிடும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தார். அடுத்த வாரம் கொஞ்சம் தூங்கினார். அதற்கடுத்த வாரம் நன்றாகவே தூங்கினார். நன்றாகத் தூங்கிய காலைகளில் அந்தப் பழைய உறுத்தல் அவருக்கு முன்பே எழுந்து காத்திருந்தது. அக்காவிடம் அதைச் சொன்னபோது, "இருந்துட்டுப் போகட்டும், எங்க போகப் போகுது" என்றாள்.

ஒரு நாள் விடிந்து அவர் மாடி ஏறும்போது உள்ளே இரண்டு பெண்களும் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் கதவைத் திறந்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லை. உனக்குச் சொல்ற மாதிரி இல்லை, போய் டீயைப் போடு" என்றாள் அக்கா.

அவர் போய் டீ போட்டார். உள்ளே மறுபடி சிரிப்பு தொடங்கியது.