காகம் திருப்பிய கமரா

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். அரசாங்கக் கச்சேரியில் இருபது வருடம் மற்றவர்களின் விண்ணப்பங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்ததில் அது நன்றாக முற்றிப்போயிற்று. ஆகவே நல்லூரில் வாடகைக்கு வந்த மூன்றாம் மாதம், பக்கத்து வீட்டுக் கமரா எங்கள் வளவுக்குத் திரும்பியிருப்பதைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வீட்டில் வயதான புருஷனும் மனைவியும்தான். கனடாவில் இருக்கும் மகன், அவர்களைப் போனில் பார்ப்பதற்காக அந்தக் கமராவை வெளிச்சுவரில் உயரத்தில் பூட்டியிருந்தான். முதலில் அது அவர்களுடைய முற்றத்தைத்தான் பார்த்தது. இப்போது மதிலுக்கு மேலால் எங்கள் கிணற்றடியைப் பார்த்தது. நான் குறுக்குக் கட்டிக்கொண்டு குளிக்கிற கிணற்றடி! அடுத்த நாளே குளிப்பைக் குளியலறைக்குள் மாற்றிக்கொண்டு மதிலுக்கு அந்தப் பக்கத்தைக் கவனிக்கத் தொடங்கினேன்.

கவனிக்கக் கவனிக்கச் சந்தேகம் கூடியது. முற்றம் கூட்டுவது கிழவர். மனைவியின் சீலைகளைத் தோய்த்துக் கொடியில் போடுவதும் கிழவர். மனுசி வெளியில் தலை காட்டுவதேயில்லை. "அன்ரி எங்கை?" என்று கேட்டால், "படுத்திருக்கிறா பிள்ளை" என்பார். காலையிலும் படுக்கை, பின்னேரமும் படுக்கை. வவுனியாவில் வேலை பார்க்கும் என் கணவருக்குப் போன் எடுத்தேன்.

"இந்த மனிசன் அந்த மனிசியைப் பூட்டி வைச்சிருக்கிறார் போல கிடக்கு."

"உமக்கு வேறை வேலை இல்லையே?" என்றார். அவருக்கு எப்பவும் இதுதான் பதில்.

ஒரு சனிக்கிழமை நேரே போய்க் கதவைத் தட்டினேன். கிழவர் பாதிக் கதவைத் திறந்து, மறு பாதியைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"அங்கிள், உந்தக் கமராவை ஏன் எங்கடை பக்கம் திருப்பினனீங்கள்?"

"நான் திருப்பேல்லை பிள்ளை. காகம் வந்திருந்து திருப்பிப்போட்டுது."

"காகமோ? என்ரை காதிலை பூச்சுத்தாதேங்கோ!"

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து, "அந்தப் பிள்ளையை உள்ளை விடுங்கோப்பா" என்றது ஒரு குரல். அன்ரி ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் பிடித்து, அதை முன்னால் தள்ளித் தள்ளி வந்துகொண்டிருந்தா. வலது கால் தரையில் இழுபட்டது. நான்கு அடி வருவதற்குள் முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தாவாம். நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரி வந்து எண்ணெய் போட்டுக் கட்டியிருக்கிறார். மகனுக்கு ஒன்றும் தெரியாது.

"ஏன் சொல்லேல்லை?"

"போன வருசமும் ஒருக்கா விழுந்தவ" என்றார் கிழவர். "இனி ஆரும் விழுந்தால் ரெண்டு பேரையும் முதியோர் இல்லத்திலை விடுறதெண்டு அவன் சொல்லிப்போட்டான். பேரும் பதிஞ்சிட்டான். அங்கை ஆம்பிளையளுக்கு ஒரு கட்டிடம், பொம்பிளையளுக்கு ஒரு கட்டிடமாம், பிள்ளை."

மனைவி நொண்டுவது மகனுக்குத் தெரியாமல் இருக்க, கூட்டுகிற தும்புத்தடியால் கமராவைத் திருப்பியிருக்கிறார். சுவரைப் பார்க்க விட்டால் மகன் சந்தேகப்படுவானாம். எங்கள் வளவென்றால் ஆள் நடமாட்டம் இருக்குமாம்.

"நடமாட்டமோ? நான் குளிக்கிற இடம் அங்கிள்!"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, நான் அதை யோசிக்கேல்லை." அப்போதே தும்புத்தடியை எடுத்து வந்து கமராவை எங்கள் தேசிமரத்துப் பக்கம் தள்ளிவிட்டார். "இனி மரத்தின்ரை தலை மட்டும்தான் தெரியும்." நானும் ஓம் என்றுவிட்டேன். அவர் பொய் சொல்லுகிறாரோ என்று பார்த்தேனே தவிர, அவர் சொன்னது சரியோ என்று பார்க்கவில்லை.

அவர்களுடைய முற்றம் மணல். கதிரைக் கால் புதையும். எங்கள் தேசிமரத்தடியில் சீமெந்து போட்டிருந்தது. "பின்னேரத்திலை இஞ்சை வந்து நடந்து பழகுங்கோ அன்ரி" என்றேன். ஒவ்வொரு நாளும் ஐந்து மணிக்கு வந்தார்கள். அன்ரி கதிரையைத் தள்ளி நடப்பா. அவர் இரண்டு கையையும் விரித்தபடி பின்னால் போவார்.

"கோழி பிடிக்கிற மாதிரி ஏனப்பா வாறியள்?" என்பா அன்ரி. "பிள்ளை, இவர் வைக்கிற குழம்பைத் தின்னுறதிலும் பார்க்க விழுந்து கிடந்தது சுகம்."

நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அந்த ஐந்து மணிக்காகக் கச்சேரியிலிருந்து அவசரப்பட்டு வரத் தொடங்கினேன். இதை என் கணவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் பகிடி பண்ணுவார்.

அவர்கள் நடக்க வரத் தொடங்கி ஆறாம் கிழமை மகன் எனக்குப் போன் எடுத்தான். அவசரத்துக்கென்று தகப்பன் என் இலக்கத்தைக் கொடுத்திருந்தாராம்.

"அக்கா, அம்மா எப்பிடி நடக்கிறா?"

"வடிவா நடக்கிறா. முந்தநாள் கோயிலுக்கும் போட்டு வந்தவ." விண்ணப்பத்தில் பொய் எழுதியவர்களை இருபது வருடம் விரட்டியவள், நாக்கூசாமல் சொன்னேன்.



"அக்கா, உங்கடை தேசிமரத்தடி முழுக்க எனக்குத் தெரியுது. முதல் நாள் நாலு அடி. நேற்று முப்பத்தொண்டு. நான் பாத்துப்போட்டுத்தான் காலமை வேலைக்குப் போறனான்."

பிடிபட்ட கோபத்தில் கேட்டேன்: "அப்ப அந்த இல்லம்?"

"பேரை வெட்டச் சொல்லிட்டன். அவை ரெண்டு பேரும் அங்கையே வீட்டிலை இருக்கட்டும் எண்டு சொல்லுங்கோ. நான் பாக்கிறதைச் சொல்லாதேங்கோ. தெரிஞ்சால் அம்மா நடக்கமாட்டா."

அடுத்த நாள் அவர்கள் வந்ததும் சொன்னேன்: "உங்கடை மகன் கதைச்சவர். இல்லத்துக்கு உங்களை அனுப்பமாட்டாராம். ரெண்டு பேரும் இஞ்சையே இருக்கட்டுமாம்."

"ஏனாம்?" என்றார் கிழவர். என்னையும் மிஞ்சின சந்தேகக்காரர். "நீர் என்ன சொன்னனீர்?"

"அன்ரி வடிவா நடக்கிறா எண்டன்."

அன்ரி கதிரையில் பொத்தென்று இருந்து அழத் தொடங்கினா. ஐம்பது வருடத்தில் அடுத்தவர் முன்னால் மனைவியைத் தொட்டிருக்கமாட்டாத மனிசன், நான் நிற்கிறேன் என்றும் பாராமல், அவவின் கையை எடுத்துத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

இன்னும் ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவன் மட்டும் பார்க்கட்டும் என்று நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.