நாலு நிமிடம் முந்திய மணிக்கூடு

காலை 10.40, புத்தளம் பஸ் நிலையம். நோன்பு பதினேழு. ஊரைவிட்டு எங்களைத் துரத்திய பிறகு வரும் ஏழாவது றமழான். கொழும்புக்கு நூற்று முப்பது கிலோமீற்றர், டிக்கட் முப்பத்தெட்டு ரூபாய். சட்டையின் உள்பையில் கைக்குட்டையால் சுற்றிய ஒரு கைமணிக்கூடு இருந்தது. அது என்னுடையதல்ல.

அந்தக் கதையைச் சொல்லாமல் பயணத்தைச் சொல்ல முடியாது. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் நான் மணிக்கூடு திருத்திக்கொண்டிருந்தவன். திருத்திய கைமணிக்கூட்டை ஒரு நாள் முழுக்க என் கையில் கட்டி ஓடவிட்டுப் பார்த்துத்தான் திருப்பிக் கொடுப்பேன். முஸ்லிம்கள் எல்லோரையும் இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொல்லி இயக்கத் துப்பாக்கிக்காரர் அறிவித்த அன்று என் கையில் இருந்தது சிவஞானம் மாஸ்டருடையது. பக்கத்து ஒழுங்கைக்காரர், கணக்கு வாத்தியார். சோதனைச் சாவடியில் என் பெண்சாதியின் காதில் கிடந்ததைக்கூடக் கழற்றினார்கள். மணிக்கூட்டை நான் முழங்கைக்கு மேலே தள்ளிச் சட்டைக்குள் மறைத்திருந்தேன். என் சொத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை, மற்றவன் நம்பித் தந்த அமானிதம் மிஞ்சியது. இந்த விசித்திரத்தை நினைத்து எத்தனையோ நாள் எரிந்திருக்கிறேன்.

பிறகு ஒரு நாள்கூட அதைக் கையில் கட்டவில்லை. கும்மிருட்டில் சுபஹு தொழுதுவிட்டுச் சாவி மட்டும் கொடுப்பேன். ஓடாமல் வைத்தால் உள்ளே எண்ணெய் இறுகிவிடும். மாஸ்டர் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறார் என்று போன மாதம் அறிந்து, கொண்டுவருவதாகக் கடிதம் எழுதினேன். உண்மையைச் சொல்கிறேன், கொண்டுபோனது மணிக்கூட்டை மட்டுமல்ல. அன்று எங்கள் தெரு முழுதும் மூட்டையோடு நடந்தபோது மாஸ்டர் தன் வீட்டுக் கேற்றடிக்கு வரவில்லை. அந்தக் கோபத்தையும் ஆறு வருடத்துக்கு மேலாகச் சாவி கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். போன வெள்ளி ஜும்ஆவில் எங்கள் பள்ளிவாசல் ஹஸ்ரத், மனத்தில் பகை வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பவனுக்குப் பட்டினிதான் மிச்சம் என்றார். என்னைப் பார்த்துச் சொன்னது போல இருந்தது. போய் அமானிதத்தைக் கொடுத்து, மன்னித்தேன் என்பதற்கு நாங்கள் சொல்லும் ‘பொருந்தினேன்’ என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வரவேண்டும். என் நோன்பு அந்தச் சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

பிற்பகல் 3.30, கொழும்புப் புறக்கோட்டை. சிலாபம் தாண்டியதும் தூங்கிவிட்டேன், நீர்கொழும்பில் தலையிடியோடு எழும்பினேன். பஸ்ஸால் இறங்கி நூறு அடி நடக்கவில்லை, சோதனைச் சாவடி. அடையாள அட்டையை வாங்கிய சிப்பாய் பிறந்த இடத்தைப் படித்ததும் முகம் மாறிவிட்டான்.

“யாப்பனே?” யாழ்ப்பாணமா என்று சிங்களத்தில் கேட்கிறான்.

“ஓம் மாத்தயா. ஆனால் முஸ்லிம்.”

யாழ்ப்பாணத்தில் முஸ்லிம் என்று விரட்டினார்கள். கொழும்பில் யாழ்ப்பாணம் என்று பிடிக்கிறார்கள். என்னதான் செய்வது? வெயிலில் மணல்மூட்டைக்குப் பக்கத்தில் இருத்திவிட்டார்கள். உள்பையைத் துழாவியபோது கைக்குட்டை டிக் டிக் என்றது. சிப்பாய் இரண்டு அடி பின்னால் பாய்ந்தான். துப்பாக்கி என் நெஞ்சுக்கு நேரே நின்றது. கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டினேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்துத் தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி வந்தார். தண்ணீர் நீட்டினார். நோன்பு என்றேன். கிளாசைக் கீழே வைத்துவிட்டு என் அட்டையைத் திருப்பித் தந்தார்.

“சத்தம் போடுற சாமான் ஒண்டும் இந்த ஊர்ல பேக்ல வச்சிட்டு திரிய வேணாம். அடுத்த முறை சுட்டுப்போட்டுத்தான் பாப்பாங்க. போங்க.”

மாலை 5.55, வெள்ளவத்தை. கடற்கரைப் பக்கமாகப் போகும் ஒரு ஒழுங்கை, மூன்று மாடி பிளாட். கரன்ட் இல்லை, படி இருட்டாக இருந்தது. இரண்டாம் மாடிக்குக் கால் வைக்கும்போது மேலே ஒரு மணிக்கூடு ஆறு அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் சளி கட்டிய தொண்டை போல ஒரு கரகரப்பு. கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அந்தக் கரகரப்பைத் திருத்தப்போய் மூன்று முறை தோற்றவன் நான். அது எங்கள் வீட்டுச் சுவர் மணிக்கூடு. வாப்பா வாங்கியது, உம்மா நோன்பு திறக்க நேரம் பார்த்தது.

கதவைத் திறந்தது மாஸ்டரின் பெண்சாதி ராசம் அக்கா. முற்றாக நரைத்திருந்தார்.

“வாங்கோ தம்பி ஜப்பார். கன நேரமாப் பாத்துக்கொண்டிருக்கிறம்.”

ஹோலில் மாஸ்டர் கதிரையில் இருந்தார். அவர் தலைக்கு மேலே சுவரில் அது. கண்ணாடியின் இடது மூலையில் பழைய வெடிப்பு. நான் சலாமும் சொல்லவில்லை, சுகமும் கேட்கவில்லை. கைக்குட்டையை அவிழ்த்து அவர் மடியில் வைத்தேன். அவர் கைமணிக்கூட்டைக் காதில் வைத்துப் பார்த்தார்.

“ஓடுது!” என்றார். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“மாஸ்டர், சுவரில இருக்கிறது ஆரின்ர மணிக்கூடு?”

நோன்பு வைத்தவன் கேட்கும் குரலில் நான் கேட்கவில்லை. அக்காதான் சொன்னார்.

“உங்கடதான். உங்கட வீட்டுச் சாமானெல்லாம் பிறகு இயக்கக்காரர் கடை போட்டு வித்தவங்கள். இவர் போய் வாங்கிக்கொண்டு வந்தவர். உங்களிட்டக் குடுக்கோணும் எண்டுதான் வாங்கினது, சத்தியமா. யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளாலியால படகில வரேக்க சீலையில சுத்தி என்ர மடியில வைச்சுக்கொண்டு வந்தனான். அதுக்கு முதல் வருசம் செல் குண்டு விழுந்து மகன் போயிட்டான். இஞ்ச வந்தாப்பிறகு வீட்டில ஒரு சத்தமும் இல்லை. அதான் சுவரில கொழுவினது. பிறகு… எங்கட மாதிரி ஆயிட்டுது தம்பி.”

“என்ர கடிதம் வந்தது தானே அக்கா?”

“வந்தது. இவர் கழட்டி உள்ள வையெண்டவர். நான்தான் விடேல்ல. தம்பி வந்து தன்ர கண்ணால பாக்கட்டும் எண்டனான்.”

மகனை எனக்குத் தெரியும். கடைக்கு வந்து பற்சில்லுகளைத் தொட்டுப் பார்ப்பான். அந்தச் செய்தி அந்த நிமிடம்தான் எனக்குக் கிடைத்தது. அழ வேண்டும், ஆனால் கோபமும் போகவில்லை.

அன்று நோன்பு திறக்கும் நேரம் 6.46. பிளாட்டுக்குப் பள்ளிவாசல் பாங்கு கேட்காது, கரன்ட் இல்லாததால் ரேடியோவும் இல்லை. அக்கா மேசையில் பேரீச்சம்பழமும் கஞ்சியும் வைத்தார்.

“இறைச்சி போடேல்ல தம்பி. உங்கட ஆக்கள் அறுத்ததோ தெரியேல்ல எண்டு விட்டிட்டன்.”

சுவர் மணிக்கூட்டைப் பார்த்து மாஸ்டர் அவசரப்படுத்தினார்.

“நேரமாச்சு ஜப்பார், திறவும்.”

அவர் கையில் இருந்த மணிக்கூட்டை எட்டிப் பார்த்தேன். காலையில் ரேடியோவோடு சரிபார்த்துக்கொண்டு வந்தது. 6.42. சுவரில் இருந்தது நாலு நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. போன வருடம் நாட்டில் நேரத்தை இரண்டு தடவை மாற்றியபோது யாரோ முள்ளைத் தள்ளிவைத்து, பெண்டுலத்தைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். நம்பித் திறந்திருந்தால் பகல் முழுக்கக் கிடந்த பட்டினி பாழ்.

“இன்னும் நாலு நிமிசம் கிடக்கு மாஸ்டர்.”

பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் இருந்தோம். அவர்களும் வாயில் ஒன்றும் வைக்கவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நீண்ட நாலு நிமிடத்தை நான் கண்டதில்லை.

திறந்தேன். கிப்லாவுக்காக மேற்குத் திசை கேட்டு, அந்தச் சுவரோரமே மஃரிப் தொழுதேன். மணிக்கூடு தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் ரக்அத்தா மூன்றாவதா என்று மறந்துபோய், திரும்பவும் தொழுதேன்.

எழும்பிப் பார்க்கிறேன், அக்கா மணிக்கூட்டைச் சுவரால் இறக்கிப் பழைய சீலை ஒன்றில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“கொண்டுபோங்கோ.”

வாங்கினேன். அதன் பாரம் என் கைகளுக்கு மறந்திருக்கவில்லை. கதவு வரைக்கும் போனேன். அங்கேதான் அதிகாரியின் சொல் நினைவுக்கு வந்தது. பெண்டுலத்தை நிறுத்தினாலும் உள்ளே கம்பிச்சுருளும் பற்சில்லும் இருக்கும், பார்ப்பவனுக்குக் குண்டு போலத்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், இருட்டில், மூட்டையில் மணிக்கூட்டோடு கொழும்பின் காலி வீதிச் சாவடிகளைத் தாண்டிப் புத்தளம் போய்ச் சேருவானா? என்னைச் சுடாமல் விட்டாலும் மணிக்கூட்டைத் துப்பாக்கிமுனையால் உடைத்துத்தான் பார்ப்பார்கள். என் சொத்து என் கையில் இருந்தும் எனக்குக் கொண்டுபோக வழியில்லை.

திரும்பி வந்து ஆணியில் கொழுவினேன். மாஸ்டர் எழும்பி என் முன்னால் வந்து நின்றார். எங்களோடு பழகிப் பிடித்த சொல்லையே அவர் சொன்னார்.

“அண்டைக்குக் கேற்றடிக்கு வரப் பயந்துபோனன், ஜப்பார். பொருந்திக்கொள்ளும்.”

நூற்று முப்பது கிலோமீற்றர் வந்தது இந்தச் சொல்லுக்குப் பதில் சொல்லத்தான். பதில் நாக்கில் இருந்தது. வரவில்லை. அல்லாஹ் சாட்சி, வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மணிக்கூட்டின் சிறு கதவைத் திறந்து, பெண்டுலத்தின் அடியில் உள்ள திருகுச் சுரையை இரண்டு சுற்றுத் தளர்த்தி, முள்ளை நாலு நிமிடம் சரிப்படுத்தினேன். இனிப் பிந்தாது, முந்தாது. அக்காவிடம் போய்வருகிறேன் என்று சொன்னேன். மாஸ்டரின் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினேன்.

மறுநாள் காலை 6.15. மருதானைப் பள்ளிவாசலில் படுத்தெழும்பிப் புத்தளம் பஸ்ஸில் ஏறினேன். நோன்பு பதினெட்டு. பையில் பாரமில்லை, நெஞ்சில் முந்தைய நாளைவிடக் கூடுதல் பாரம். எங்கள் ஓலைக் கொட்டிலில் சுவர் மணிக்கூடு கொழுவச் சுவரே இல்லை. அகதி முகாம் பள்ளிவாசலின் ஒலிபெருக்கி எப்போது கரகரக்கும் என்று பேரீச்சம்பழத்தோடு காத்திருப்போம். வெள்ளவத்தையில், நோன்பு பிடிக்காத ஒரு வீட்டில், என் உம்மாவின் மணிக்கூடு நோன்பு திறக்கும் நேரத்தைப் பிசகாமல் காட்டிக்கொண்டிருக்கும். அதைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். பொருந்தினேன் என்று மட்டும் இன்றுவரை நான் சொல்லவில்லை.